தவமணி அம்மா அமைதியானவர் இல்லை

சேதி வந்தபோது நான் ரஞ்சன்குடியில் ஒரு காதுகுத்து வீட்டு வேப்பமரத்தின் மேல் இருந்தேன். குழாய் ஸ்பீக்கரைக் கிளையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வயது அறுபத்தாறு. இந்த வயதில் மரம் ஏறி ஸ்பீக்கர் கட்டுகிற ஆள் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் நான் ஒருவன்தான். சட்டைப் பையில் போன் அடித்தது. என் வீட்டுக்காரி வசந்தா. எடுத்ததும் சொன்னாள்: "தவமணி போயிட்டாங்க. வாசக் கூட்டிட்டு உள்ள வந்தவங்க தண்ணி கேட்டாங்களாம். மக கொண்டாறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

இறங்கி வந்து பாட்டை நிறுத்தினேன். ஐந்நூறு பேர் வாயடைத்துப்போய் என்னைப் பார்த்தார்கள். வசந்தாவைக் கேட்டால் ஐம்பது பேர் என்பாள். அவள் அங்கே இல்லை. காதுகுத்து வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார், நல்ல காரியத்தில் பாட்டை நிறுத்தலாமா என்று. ஒருத்தர் செத்துப்போய்விட்டார் என்றேன். சொந்தமா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் என்ன என்றார். அந்த "அப்புறம் என்ன"வுக்கு அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது வருகிறது.

தவமணி அம்மாவின் முப்பதாம் நாளுக்கு லாரி வைத்திருக்கும் பெண்கள் சேர்ந்து இந்தச் சிறு புத்தகத்தை அச்சடிக்கிறார்கள். என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். எட்டாவதில் முழுப் பரீட்சை எழுதவில்லை. எழுதியிருந்தால் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்திருப்பேன் என்று கணக்கு வாத்தியார் சொன்னதாக ஞாபகம். ஆனால் முப்பத்தெட்டு வருடமாக மைக் செட் வைத்திருப்பவன் நான். இந்தப் பக்கத்தில் யார் என்ன பேசினாலும் என் பெட்டி வழியாகத்தான் போயாக வேண்டும். ஒரு முறை ரஞ்சன்குடிக் கோட்டை மேட்டில் ஸ்பீக்கர் கட்டினேன், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டது. அவ்வளவு பேச்சைக் கேட்டவனுக்கு எது பேச்சு, எது வெறும் சத்தம் என்று தெரியும். அந்தத் தகுதியில் எழுதுகிறேன். கோபத்தோடு எழுதுகிறேன். யாருக்காவது சுட்டால் சுடட்டும்.

முதல் கோபம் அந்த பேனர் மேல். தவமணி அம்மா போன மறுநாள் லாரி உரிமையாளர் சங்கத்து ஆட்கள் அரியலூரில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். பத்தடிக்கு எட்டடி. நடுவில் தலைவர் கைகூப்பி நிற்கிறார். அவரைச் சுற்றி, தபால் தலை மாதிரி, பன்னிரண்டு ஆண்கள். மூலையில் ஒரு வட்டத்துக்குள் தவமணி அம்மாவின் முகம். கீழே என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? "நமது சங்க உறுப்பினர் அமரர் ராஜேந்திரன் அவர்களின் துணைவியார்." அவ்வளவுதான். செத்தவரின் பேர் அவருடைய அஞ்சலி பேனரில் இல்லை. பேனர் கட்டியவர்களின் பேர் பன்னிரண்டும் இருந்தது, பட்டப்பேரோடு.

பேருக்காகவே வாழ்ந்த மனுஷிக்கு இந்த மரியாதை. அது புரிய வேண்டுமென்றால் எங்கள் லாரித் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அரியலூர்ப் பக்கம் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். அதை வெட்டி சிமெண்ட் ஆலைக்குக் கொண்டுபோவது டிப்பர் லாரிகள். லாரி வாங்குகிறவன் பெரும்பாலும் மனைவி பேரில் வாங்குவான். ராசி என்பான். தன் பேரில் ஏற்கெனவே ஒரு வண்டி இருக்கிறது என்பான். முகப்புக் கண்ணாடிக்கு மேல் அவள் பேரை மஞ்சள் எழுத்தில், பூப்போட்டு எழுதுவான். ஆயுத பூஜை அன்று அவளை விட்டுச் சூடம் காட்டச் சொல்வான். அத்தோடு சரி. எங்கள் லாரி உரிமையாளர் சங்கத்தின் உறுப்பினர் நோட்டைப் புரட்டினால் பாதிக்கு மேல் பெண்கள் பேர்: வசந்தா, செல்வி, கலைவாணி, ஆரோக்கியமேரி. மாதம் இரண்டாவது ஞாயிறு கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடக்கும். போய்ப் பார்த்தால் மண்டபம் முழுக்க மீசை. புருஷன் வருவான், மச்சான் வருவான், மாமனார் வருவார். வந்தவன் அவள் பேருக்கு நேரே கையெழுத்துப் போடுவான். அவன்தான் பேசுவான். நானும் அப்படித்தான். என் வண்டி வசந்தா பேரில். பதினோரு வருடம் "வசந்தா" என்று கையெழுத்துப் போட்டவன் நான். அவளைவிட அழகாகப் போடுவேன்.

ராஜேந்திரன் மாரடைப்பில் போன இரண்டாவது மாதம் தவமணி அம்மா அந்த மண்டபத்துக்குள் வந்தார். கைத்தறிப் புடவை, கையில் மஞ்சள் பை. முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு ஓரத்தில் ஆம்ப்ளிஃபயர் முன்னால் இருந்த எனக்கே திக்கென்றது. தலைவர் நல்லவிதமாகத்தான் சொன்னார்: "வூட்டு ஆம்பளைய அனுப்புங்கம்மா."

தவமணி அம்மா எழுந்திருக்கவில்லை. "வூட்டு ஆம்பளை போட்டோவுல இருக்காருங்க. ஆணியிலேர்ந்து கழட்டி எடுத்தாரட்டுமா?"

மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் மட்டும் ஒரு ஆள் சிரிக்கவில்லை. நேற்று வரைக்கும் நம் வயலில் களை எடுத்த கூட்டம் இன்றைக்கு நாற்காலி கேட்கிறது என்று, கேட்க வேண்டியவருக்குக் கேட்கிற மாதிரி முனகினான். தவமணி அம்மா கழுத்தை மட்டும் திருப்பினார். "களை எடுத்ததாலதாங்க எது களைன்னு தெரியுது" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அவருடைய அம்மா எங்கள் அப்பாவின் கடலைக் காட்டில் களை எடுத்தவர். நான் சிறுவனாக வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவின் பேர் எனக்கு இன்றுவரை தெரியாது. வீட்டில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் கேட்டதில்லை. இந்தப் புத்தகத்துக்காக இனி கேட்டு எழுதினால் நன்றாக இருக்காது என்பதால் அப்படியே விடுகிறேன். அவமானம் என்னுடையது.

அன்று டீ வந்தது. டீக்கார ஆள் தட்டை முன்வரிசையில் வைத்துவிட்டுப் போனான். பொருளாளர் தவமணி அம்மாவைப் பார்த்து, வந்ததுதான் வந்தீர்கள், அந்த டீயைக் கொஞ்சம் எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள் என்றார். அவர் எழுந்தார். ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். மறுபடி உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தார். மீதித் தட்டு அங்கேயே ஆறிக்கொண்டிருந்தது. "எடுத்துக்கிங்க, கை இருக்குல்ல" என்றார். நாற்பது லாரிக்கு முதலாளிகள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வந்து குனிந்து டீ எடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்கு மட்டும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். மைக்காரரால் எழுந்திருக்க முடியாதில்லையா என்றார்.

அந்த மரியாதைக்கு நான் என்ன செய்தேன் என்பதை இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

சுரங்க வாசலில் லாரிகள் வரிசையில் நிற்கும். எந்த வண்டி எப்போது உள்ளே போய்க் கல் ஏற்ற வேண்டும் என்பதைச் சங்கத்தின் முறை நோட்டு சொல்லும். நோட்டு சொல்வது ஒன்று, நடப்பது ஒன்று. கேட்க ஆள் உள்ள வண்டி முன்னால் போகும். கேட்க ஆளில்லாத வண்டி நின்றுகொண்டே இருக்கும். தவமணி அம்மாவின் வண்டி ஐந்து நாள் வெயிலில் நின்றது. டயர் இருந்த இடத்தில் குழி விழுந்துவிட்டது என்று அவர் டிரைவர் சொன்னான்; நான் போய்ப் பார்த்தேன், முழங்கால் ஆழம். அடுத்த கூட்டத்தில் தவமணி அம்மா மைக் கேட்டார். எல்லார் முன்னாலும் கேட்டதால் தலைவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

மைக்கைப் பிடித்து, "என் பேரு தவமணி. என் வண்டி அஞ்சு நாளா" என்று ஆரம்பித்தார். தலைவர் என்னைப் பார்த்தார். உள்ளங்கையைத் தரையைப் பார்த்து வைத்துக்கொண்டு, குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பது போல, மெல்லக் கீழே இறக்கினார்.

மைக் நின்றது.

பின்வரிசையில் "கேக்கல, கேக்கல" என்று கூச்சல். முன்வரிசையில் சிரிப்பு. தவமணி அம்மா கடைசி வரை பேசினார். உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஏழெட்டுப் பேரைத் தவிர யாருக்கும் ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை. பேசி முடித்துவிட்டு, பேசாத மைக்கை இரண்டு கையாலும் பக்குவமாக ஸ்டாண்டில் மாட்டினார்.

கூட்டம் கலைந்ததும் வயர் சுற்றிக்கொண்டிருந்த என்னிடம் வந்தார். "அண்ணே, மிஷின் ரிப்பேரா, ஆளு ரிப்பேரா?"

ஃபியூஸ் போய்விட்டது என்று சொன்னேன். சரிங்கண்ணே என்று போய்விட்டார்.

அடுத்த மாதக் கூட்டம். எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. தவமணி அம்மா நேரே என் மேசைக்கு வந்து மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்தார். பிரித்தேன். விரல் நகம் நீளத்துக்கு ஒரு கண்ணாடி ஃபியூஸ். மண்டபத்துக்கே கேட்கிற குரலில் சொன்னார்: "போன மாசம் ஃபியூஸ் போயிருச்சுன்னீங்கல்ல. ஜெயங்கொண்டம் கடையில வாங்கியாந்தேன். இனிமே நான் பேசறப்ப போவாது பாருங்கண்ணே."

தலைவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து தவமணி அம்மா பேசியபோது என் மைக் ஒரு தடவைகூட நின்றதில்லை.

அவர் தன் பேச்சோடு நின்றிருந்தால் ஆண்கள் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பெண் பேசுகிறாள் என்றால் அது வேடிக்கை; போய்த் தொலைகிறாள், ராஜேந்திரன் பெண்டாட்டிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று விட்டுவிடலாம். அவர் உறுப்பினர் நோட்டில் இருந்த பெண்கள் பேரையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பஸ் ஏறினார். எனக்கும் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய லாரி ஷெட்டுக்கு மைக் செட்டைக் கொண்டுவர வேண்டும், பெண்கள் பேசிப் பழக வேண்டும் என்றார். பேசுவதற்கா பழக்கம், குழாயடியில் மைக் இல்லாமலே ஊர் கேட்கப் பேசுகிறீர்களே என்று நான் கிண்டல் செய்தேன்.

"குழாயடியில பேசறது எங்களுக்குள்ளண்ணே. உங்க காதுல ஏத்தறதுக்குத்தான் மிஷின் வேணும்."

பதினோரு பெண்கள் வந்திருந்தார்கள். டிப்பர் நிழலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். முதலில் எழுந்தவள் வரதராஜன்பேட்டை ஆரோக்கியமேரி. புருஷன் வளைகுடாவில் வேலை செய்கிறார், வண்டி இவள் பேரில், கூட்டத்துக்கு இவளுடைய கொழுந்தன் போய்க்கொண்டிருந்தான். மைக்கை வாங்கி "வணக்கம்" என்றாள். தன் குரல் குழாயிலிருந்து வெளியே வந்ததைக் கேட்டு, பாம்பைத் தொட்டவள் போல மைக்கைக் கீழே போட்டுவிட்டாள். என் மைக். வேறு யாராவது போட்டிருந்தால் கன்னத்தில் விட்டிருப்பேன்.

"அது உன் கொரலுதான்டி. எடு" என்றார் தவமணி அம்மா. "இத்தன வருசமா நீயே அத வெளிய கேட்டதில்ல, அதான் பயம்."

இன்னொருத்தி மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். அவை நிறைந்த பெரியோர்களே, அன்புச் சகோதரர்களே, மேடையை அலங்கரிக்கும் என்று இழுத்துக்கொண்டே போனாள். "வணக்கத்த வாசல்லயே வச்சிட்டு வா" என்று வெட்டினார். "அதெல்லாம் சொல்றதுக்கு ஒண்ணுமில்லாத ஆம்பளைங்க சொல்றது. உனக்குச் சொல்றதுக்கு இருக்குல்ல? பேரச் சொல்லு. வண்டி நம்பரச் சொல்லு. கொறையச் சொல்லு. உக்காரு. பேச்சுன்னா அவ்ளோதான்."

இந்த நாலு வரியை மேடையில் பேசுகிற ஒவ்வொருவன் நெற்றியிலும் பச்சை குத்த வேண்டும். முப்பத்தெட்டு வருடம் ஆண்களின் "மேடையை அலங்கரிக்கும்" கேட்டுக் கேட்டு என் இடது காது மந்தமானதுதான் மிச்சம்.

ஏழாவதாகவோ எட்டாவதாகவோ ஒரு குரல் வந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகில் கை வைத்திருந்த நான் நிமிர்ந்தேன். வசந்தா. அம்மாயி வீட்டுக்குப் போகிறேன் என்று காலையில் கிளம்பியவள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் நான் கவனிக்கவில்லை. என் பக்கம் திரும்பாமலே பேசினாள். "பேரு வசந்தா." வண்டி நம்பரைப் பிசகாமல் சொன்னாள். அது அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. "கொறை. வண்டி முகப்புல என் பேர இம்மாம் பெருசா எழுதியிருக்காரு. பதினோரு வருசத்துல ஒரு நா அதுல ஏத்தி உக்கார வச்சதில்ல." உட்கார்ந்துவிட்டாள்.

பெண்கள் சாக்கில் புரண்டு சிரித்தார்கள். தவமணி அம்மா மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். ஃபியூஸ் போகிறதா என்று பார்த்தாரோ என்னவோ. போகவில்லை. அன்று சாயங்காலமே வசந்தாவை வண்டியில் ஏற்றிப் பெரம்பலூர் வரை அழைத்துப்போய்த் திரும்பினேன். ரயில்வே கேட் வரைக்கும்தான் என்பாள். ஏறினாளா இல்லையா, அதைச் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் பதினோரு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஆண்கள் நாற்காலியில் காலைப் பரப்பி உட்கார்ந்துகொண்டார்கள், இடமில்லை என்று. பெண்கள் சுவரோரம் நின்றார்கள். ஆரோக்கியமேரிக்கு மைக் போனது. பேரைச் சொன்னாள். நம்பரைச் சொன்னாள். பிறகு சொன்னாள்: "என் வண்டி நாலு நாளா வரிசையில நிக்குது. எனக்காவப் பேச வர்ற ஆளோட வண்டி என் முறையில உள்ள போயிட்டு வந்துட்டு இருக்கு. நோட்டுல என் பேருக்கு நேரா இருக்க கையெழுத்து என்னுது இல்ல."

உட்கார்ந்துவிட்டாள். உட்கார நாற்காலி இல்லை, தரையில் உட்கார்ந்தாள்.

கொழுந்தன் மூன்றாவது வரிசையில் இருந்தான். முறை நோட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். அவள் சொன்னது அத்தனையும் அதில் இருந்தது. இரண்டு வருடமாக அவள் வண்டியின் முறையில் அவன் வண்டி ஓடியிருக்கிறது. அதைக் கேட்க வேண்டிய கூட்டத்தில் அவள் சார்பாக உட்கார்ந்து தலையாட்டியவனும் அவனே. திருடனையே காவலுக்கு வைத்த கதை. இப்படி எத்தனை பேருக்கு நடந்தது என்று யாருக்குத் தெரியும்? வாய் திறந்தவளுக்கு மட்டும்தான் தெரியவந்தது. அன்று கைதூக்கித் தீர்மானம் போட்டார்கள்: நோட்டில் எவர் பேர் இருக்கிறதோ அவரே வர வேண்டும், அவரே கையெழுத்துப் போட வேண்டும், அவரே பேச வேண்டும். தலைவரும் கை தூக்கினார். தூக்காவிட்டால் அடுத்து யார் வீட்டுக் கையெழுத்து வெளியே வருமோ என்ற பயம்.

அந்தத் தீர்மானம்தான் தவமணி அம்மா சம்பாதித்தது. அதைத்தான் அவர் உடம்பு ஆறுவதற்குள் பிடுங்கப் பார்த்தார்கள்.

இரங்கல் கூட்டத்துக்கு மைக் செட் நான்தான். பதினோரு ஆண்கள் பேசினார்கள். மேடையை அலங்கரிக்கும், அலங்கரிக்கும் என்று பதினோரு தடவை. ஒருவர் அவரைத் தாய் என்றார். ஒருவர் குடும்ப விளக்கு என்றார். பொருளாளர், அந்த டீத்தட்டுக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர், அமைதியே உருவானவர்" என்றார். என் பெட்டி வழியாக எத்தனையோ பொய் போயிருக்கிறது. நானே சொன்னது நிறைய. இப்படி ஒரு பொய் போனதில்லை. வாயைத் திறந்ததைத் தவிர வேறெதற்கும் பேர் வாங்காத ஒருத்தி, செத்துப்போய் இனிப் பேச மாட்டாள் என்றதும் அமைதியானவள் ஆகிவிட்டாள். உயிரோடு இருந்தபோது ஃபியூஸைப் பிடுங்கினார்கள். செத்த பிறகு நாக்கைப் பிடுங்கினார்கள்.

கடைசியாகத் தலைவர். தவமணி அம்மா பெண்களுக்காகப் பஸ் ஏறி இறங்கியே உடம்பைக் கெடுத்துக்கொண்டார் என்று உருகினார். ஆகவே அவர் நினைவாக ஒரு முடிவு என்றார். இனிமேல் பெண் உறுப்பினர்கள் அலைய வேண்டாம், பழையபடி வீட்டு ஆண்கள் வந்தால் போதும்.

கேட்டீர்களா? அவர் நினைவாக.

சுவரோரம் இருந்த ஆரோக்கியமேரி எழுந்தாள். இரங்கல் கூட்டத்தில் விவாதம் கூடாது என்றார்கள். நேரமாகிவிட்டது என்றார்கள். பெண்கள் சார்பில் தலைவரே பேசிவிட்டார் என்றார்கள். அவள் மேடை ஏறி மைக்கைப் பிடித்துவிட்டாள். மூன்றாவது வரிசையில் கொழுந்தன் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். இந்த முடிவு நின்றால் அவள் வண்டி மறுபடியும் வெயிலில் நிற்கும்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். அதே உள்ளங்கை. அதே இறக்கம்.

என் கை திருகின் மேல் இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் மறுபடி இறக்கினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொருளாளர் எழுந்து வந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். அந்த ஆளைத் தூக்கி டீத்தட்டு மேல் எறிந்தேன் என்று எழுத ஆசைதான். எறியவில்லை. எழுந்து நின்றேன், அவ்வளவுதான்.

ஆரோக்கியமேரி செத்த மைக்கைப் பார்த்தாள். ஸ்டாண்டில் மாட்டினாள், இரண்டு கையாலும், பக்குவமாக. பிறகு வாயைத் திறந்தாள். "பேரு ஆரோக்கியமேரி." நம்பரைச் சொன்னாள். "கொறை. எங்கக்கா நெனைவா எங்க வாயக் கட்டறீங்க. நான்தான் வருவேன். நான்தான் கையெழுத்துப் போடுவேன்." சுவரோரத்திலிருந்து அடுத்த குரல்: பேரு செல்வி. நம்பர். அதே குறை. பேரு கலைவாணி. பேரு வசந்தா. பதினோரு ஆண்கள் என் மைக்கில் பேசி எழுப்பாத சத்தம் மைக்கே இல்லாமல் மண்டபத்தில் எழுந்தது. ரோட்டில் போன பஸ் நின்றது என்று நான் சொல்வேன். அங்கே பஸ் ஸ்டாப் இருக்கிறது என்று வசந்தா சொல்வாள்.

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சரி, இரண்டாம் ஞாயிறு கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிப் போனார். முடிவு நிற்கவில்லை, விழவும் இல்லை. தொங்குகிறது. இந்தப் புத்தகம் உங்கள் கையில் இருக்கும்போது அந்த ஞாயிறு வந்திருக்காது. மனைவி பேரில் வண்டி வைத்திருக்கும் ஆண்களே, அன்றைக்கு வீட்டில் இருங்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுங்கள். வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவளை பஸ் ஏற்றி விடுங்கள். மைக் செட்டோடு நான் அங்கே இருப்பேன். அவர்களுக்கு அது தேவையில்லை என்று தெரிந்த பிறகும் இருப்பேன்.

தவமணி அம்மாவின் பொருளாக என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மூடிக்கு உட்புறம் டேப் போட்டு ஒட்டிய அந்தக் கண்ணாடி ஃபியூஸ். இத்தனை வருடத்தில் அதை எடுத்துப் பொருத்த வேண்டிய அவசியம் வரவில்லை. மிஷினைத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கும். அன்று மைக் நின்ற காரணம் அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். எத்தனையோ ஞாயிறு, எத்தனையோ டீ. நான் வாய் திறக்கவில்லை, அவர் கேட்கவில்லை. அவர் கற்றுக்கொடுத்த முறையிலேயே இப்போது சொல்லிவிடுகிறேன்.

பேர் கலியமூர்த்தி. வண்டி என்னுடையது இல்லை, வசந்தாவுடையது. நம்பரை அவள் சொல்வாள். குறை: அன்றைக்கு ஃபியூஸ் போகவில்லை. தலைவர் கையை இறக்கினார், நான் திருகை இறக்கினேன். மிஷினுக்கு ஒன்றுமில்லை தவமணிம்மா. ஆளுதான் ரிப்பேர்.

உட்காருகிறேன்.